மூலையில் படுத்திருப்பவர்கள்

படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவரைத் தனி ஆளாகப் புரட்டிப் படுக்கவைக்க முடியும். நம் இடுப்பும் பிடிக்காது, அவர் தோலும் உரியாது. ஒரு பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடைவரை அவருக்கு அடியில் விரித்துவிட வேண்டும். எந்தப் பக்கம் புரட்டப் போகிறோமோ அந்தப் பக்கம் நாம் நிற்க வேண்டும். எதிர்ப்பக்கத்துக் கையை அவர் மார்பின் மேல் வைத்து, அந்தப் பக்கத்து முழங்காலையும் மடக்கிவிட்டு, சேலையின் அந்த ஓரத்தைப் பிடித்து நம் பக்கமாக மெதுவாக இழுத்தால் உடம்பு தானாகத் திரும்பும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கவே கூடாது. பக்கவாதம் வந்தவர்களுக்கு அப்படித் தூக்கினால் தோள்பட்டை நழுவிப்போகலாம். திருப்பியபின் முதுகுக்குப் பின்னால் சுருட்டிய போர்வை ஒன்று, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை ஒன்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும்.

கொல்லிமலையில் பைல் நாட்டுப் பெண்கள் பலருக்கு நான் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நாமக்கல் மாவட்டத்தில், வல்வில் ஓரி ஆண்ட மலை என்று பேர்பெற்ற இந்த மலையில் 14 நாடுகள் உண்டு. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, பைல் நாடு என்று ஊராட்சிகளுக்கும் அதே பெயர்தான். மிளகும் காப்பியும் பலாவும் குச்சிக்கிழங்கும் விளைகிற பூமி. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் மேலே வர வேண்டும். சுற்றுலா வருபவர்களுக்கு அந்த வளைவுகள் வேடிக்கை. எங்களுக்கு அவைதான் வைத்தியத்தின் முதல் தடை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கிராம சுகாதார செவிலியராக இந்த மலையில் வேலைக்குச் சேர்ந்தவள். மலைப் பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசுக் கணக்கு. சமவெளியில் அது 5,000. எண்ணிக்கையைப் பார்த்தால் வேலை குறைவு போலத் தெரியும். ஒரு குடியிருப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருக்கிற ஏற்ற இறக்கத்தை நடந்து பார்த்தால்தான் கணக்குப் புரியும். எங்கள் காலத்துப் பயிற்சியில் கர்ப்பிணி, பிரசவம், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு ஆகியவைதான் பெரும்பங்கு. வயதானவர்களைப் பற்றியும் மனநோயைப் பற்றியும் படித்தது மிகக் கொஞ்சம். தடுப்பூசி போடப் போகிற வீட்டில், பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்துக் கையில் கொடுப்பார்கள். ஊசி போட்டு அட்டையில் எழுதி நிமிரும்போது, உள்ளே அடுப்படிப் பக்கம் மூலையில் யாரோ கம்பளியைப் போர்த்திப் படுத்திருப்பது தெரியும். யார் என்று கேட்டால், "அது எங்க ஆயாங்க நர்சம்மா, அதுக்கு வயசாயிடுச்சு" என்பார்கள். என் பதிவேட்டில் அந்த ஆயாவுக்குக் கட்டம் கிடையாது. ஆனாலும் கண்ணில் பட்ட பிறகு கம்பளியை விலக்கிப் பார்க்காமல் வர முடியாது.

கம்பளியை விலக்கினால் முதலில் தேடுவது படுக்கைப்புண். தோல் சிவக்கும் என்று புத்தகம் சொல்லும். எங்கள் மக்களின் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. கையால்தான் பார்க்க வேண்டும். வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால், கணுக்கால், காது மடல் என்று எலும்பு தட்டுப்படும் இடமெல்லாம் புறங்கையை வைத்தால், புண் வரப்போகும் இடம் சுற்றிலும் இருப்பதைவிடச் சூடாக இருக்கும். விரலால் அழுத்தினால் கெட்டியாகவோ சேறுபோல நெகிழ்ந்தோ இருக்கும். அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் புரட்டிப் படுக்கவைப்பதிலேயே சரியாகிவிடும். எண்ணெய் போட்டு அந்த இடத்தைத் தேய்க்கிறார்கள். தேய்த்தால் உள்ளே நைந்துபோன சதை இன்னும் நையும். துணியை வளையமாகச் சுருட்டி அடியில் வைக்கிறார்கள். வளையத்துக்குள் இரத்த ஓட்டம் குறைந்து புண் பெரிதாகும். புண்ணே ஆகிவிட்டால் சாம்பலும் காப்பித்தூளும் வேண்டாம். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு ஆறவைத்து, அதில் கழுவிச் சுத்தமான துணியால் மூடினால் போதும். எலும்பு தெரிந்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ ஆஸ்பத்திரிக்குத்தான்.

இரண்டு மணிக்கு ஒருமுறை என்று சொல்வது எனக்கு எளிது. கைப்பிள்ளையும் மாடும் காடும் இருக்கிற ஒரு மருமகளுக்கு அது எப்படி முடியும்? நான் பார்த்த அப்படி ஒரு வீட்டில் சுவர்க் கடிகாரமும் இல்லை. அந்தப் பெண் தானே ஒரு கணக்கு வகுத்துக்கொண்டாள். கோழி கூவும்போது ஒருமுறை, மாடு அவிழ்க்கும்போது, சாமை குத்தி முடிந்ததும், பகல் பஸ்ஸின் ஆரன் கேட்கும்போது, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரும்போது, விளக்கு வைக்கும்போது, படுக்கப்போகும்போது, நடுச்சாமத்தில் பிள்ளை பாலுக்கு அழும்போது. வலது, இடது, வலது என்று மாறி மாறி. பக்கம் மறந்துபோகாமல் இருக்கத் தலைமாட்டில் இருந்த சொம்பை அந்தந்தப் பக்கம் நகர்த்தி வைப்பாள். அவள் மாமியாருக்கு வால் எலும்பில் இருந்த புண் அடுத்த சாகுபடிக்குள் மூடிக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரிகளில் காற்று மெத்தையோடு படுத்திருந்தும் புண் ஆறாமல் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த மருமகளின் நினைவு எனக்கு விட்டுப்போகாது.

சாப்பாட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கும், மூளைத் தேய்மானம் முற்றியவருக்கும் விழுங்குவது சிரமம். அவர்களுக்குத் தண்ணீர்தான் ஆபத்தானது. வேகமாக ஓடி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கெட்டியான கேழ்வரகுக் கூழோ நன்றாகக் குழைந்த சாமைக் கஞ்சியோ மெதுவாக இறங்கும், பாதுகாப்பு. களி வேண்டாம், தொண்டையில் ஒட்டும். படுத்தபடியே ஊட்டக் கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாய் சற்றுக் கீழே தாழ்ந்திருக்க, சின்னக் கரண்டியால் கொடுத்து, ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்தபின் அடுத்த வாய். முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். சாப்பிடும்போது குரல் கரகரவென்று மாறினாலோ இருமினாலோ நிறுத்திவிட வேண்டும். வயதானவர்கள் பலரின் கடைசிக் காய்ச்சல் இப்படி நுரையீரலுக்குள் போன ஒரு வாய்க் கஞ்சியில்தான் தொடங்குகிறது.

இனி, மலையில் நான் அதிகம் வாதாட வேண்டியிருந்த விஷயம். ஒரு வீட்டிலிருந்து பையன் ஓடிவந்தான். அப்பாயிக்குச் சாமி வந்துவிட்டது, செத்துப்போன தாத்தாவோடு பேசுகிறது, கூரையில் பாம்பு தொங்குகிறது என்கிறது, பகலெல்லாம் தூங்கி இராத்திரியெல்லாம் கத்துகிறது என்றான். வீட்டில் சேவல் தயாராக இருந்தது. நான் கேட்டது ஒரே கேள்வி: இது எப்போதிலிருந்து? "முந்தாநேத்து சந்தைக்கு வந்துச்சுங்க, நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் மகன். அந்தப் பதிலிலேயே பாதி விவரம் கிடைத்துவிட்டது. மூளைத் தேய்மானம் வருடக்கணக்கில் வரும். இரண்டு நாளில் புத்தி தடுமாறினால் அது உடம்பு நோய். சிறுநீரில் கிருமி, நுரையீரலில் சளி, நாலைந்து நாளாக வெளிக்குப் போகாதது, சிறுநீர் அடைத்துக்கொண்டது, சர்க்கரை ஏறியது அல்லது இறங்கியது, உப்புச் சத்துக் குறைந்தது, புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை — இவற்றில் ஒன்றாக இருக்கும். கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்று உண்டு, டிரைஹெக்சிபெனிடில் என்று. இளவயதுக்காரர் தாங்குவார், எழுபதைக் கடந்தவருக்கு அதுவே இந்தத் தடுமாற்றத்தைக் கொண்டுவரும். அந்த அப்பாயிக்குச் சிறுநீரில் கிருமி. செம்மேடு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து அந்த வாரத்துக்குள் தெளிந்துவிட்டார்.

சேவல் அறுப்பதை நான் தடுத்ததில்லை. மாசி பெரியசாமியையும் எட்டுக்கை அம்மனையும் நம்பி வாழ்கிற மக்கள் இவர்கள். அந்த நம்பிக்கை மேல் எனக்கு மரியாதை உண்டு. கும்பிட்டு முடித்த கையோடு ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிடுங்கள் என்பேன். கீழே, முசிறிக்கு அப்பால் குணசீலம் பெருமாள் கோயிலில் மனம் பாதித்தவர்களை 48 நாள் தங்கவைப்பது பழைய வழக்கம். இன்று அங்கே மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது. கோயிலும் மருந்தும் ஒரே வளாகத்தில் இருக்க முடியும் என்பதை அந்த ஊரைக் காட்டித்தான் எங்கள் ஊர்க்கவுண்டர்களிடம் பேசுவேன். நன்றாகவே கேட்டுக்கொண்டார்கள்.

மூளைத் தேய்மானத்துக்கு மாத்திரை செய்வது சொற்பம், வீடு செய்வது அதிகம். அடுப்பங்கரைதான் முதல் ஆபத்து. குளிருக்கு அடுப்போரம் படுத்து, கம்பளி தணலில் விழுந்து வெந்தவர்கள் உண்டு. சர்க்கரை நோயில் கால் மரத்தவருக்குச் சூடே தெரியாது. அடுப்பைச் சுற்றி ஒரு சாண் திண்டு, படுக்கையிலிருந்து வாசல்வரை இடுப்பளவு மூங்கில் கைப்பிடி, கதவில் ஓர் ஆட்டு மணி. இந்த மணி பல உயிரைக் காத்திருக்கிறது. இராத்திரியில் எழுந்து இருபது வயதில் உழுத காட்டைத் தேடிப் போவார்கள். போகிற வழி பள்ளத்தாக்கு. அம்மா எங்கே என்று கேட்கிற எண்பது வயதுக்காரரிடம் "அவங்க செத்து நாப்பது வருசமாச்சு" என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் சாவு. "உங்கம்மா என்ன குழம்பு வெப்பாங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்குவார். அழுகை நின்றுவிடும்.

மனநோயைப் பற்றி எழுதும்போது ஒரு வீட்டை விட்டுவிட்டு எழுத முடியாது. தாயும் மகனும் மட்டும். மகனுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். காதில் குரல் கேட்கிறது என்று காட்டுக்குள் ஓடுவான். ஒருமுறை பாறை விளிம்பில் பிடித்து இழுத்து வந்தார்கள். அதன்பிறகு தாய் அவனைத் திண்ணைத் தூணில் கயிறு போட்டுக் கட்டிவிட்டுக் கூலிக்குப் போவாள். கயிற்றுக்குள் பழந்துணி சுற்றியிருந்தாள், மணிக்கட்டு அறுக்கக் கூடாது என்று.

கட்டிவைப்பது சட்டப்படி குற்றம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் செத்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. இதையெல்லாம் அந்தத் தாயிடம் ஒப்பித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் கயிற்றை அவிழ்க்கச் சொல்லும் முன், பகலில் அவனை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு நான் பதில் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் அவள் கூலியை விட வேண்டும், அல்லது மகனைப் பள்ளத்தாக்கில் விட வேண்டும். பக்கத்து வீட்டில் கால் முடியாத பெரியவர் ஒருவர் நாள் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் பேசினேன். "என்னுங்கம்மிணி, சும்மாதான் உக்காந்திருக்கேன், ஒரு கண்ணு பாத்துக்கறேன்" என்றார். அப்போதுதான் மருந்தைப் பற்றிப் பேச முடிந்தது.

அவனுக்கு மாத்திரை முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். மாதாமாதம் கீழே போய் வாங்க வேண்டும். எழுபது வளைவு இறங்கும்போதே வாந்தி, ஏறும்போது மறுபடி. ஒரு நாள் கூலி போச்சு, இரண்டு பேர் பஸ் காசு போச்சு. வரிசையில் நின்று சீட்டு வாங்குவதற்குள் அவன் எழுந்து ஓடினால் அந்த மாதமும் போச்சு. மூன்றாம் மாதம் அவள் போகவில்லை. இந்த நோயில் மருந்து விட்டுப்போவதற்கு நோயாளியின் பிடிவாதம் ஒரு காரணம் என்றால், எங்கள் மலையில் பாதை அதைவிடப் பெரிய காரணம்.

அதற்கு ஒரு மாற்று இருக்கிறது. ஃபுளூஃபெனசின் டெக்கனோயேட் என்ற ஊசி. மருந்தை நல்லெண்ணெயில் கரைத்திருப்பார்கள். தசைக்குள் போட்டால் எண்ணெயிலிருந்து மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து இரண்டு முதல் நான்கு வாரம்வரை தாங்கும். தினம் மாத்திரைக்காகச் சண்டை போட வேண்டாம். மனநல மருத்துவர் முதல் ஊசியைச் சிறிய அளவில் போட்டுப் பார்த்து, அளவு எழுதிக் கொடுத்துவிட்டால், பயிற்சி பெற்ற செவிலியர் போடலாம். மார்கழிக் குளிரில் எண்ணெய் இறுகிக் கிடக்கும், ஊசிக்குள் ஏறாது. ஆம்பூலை உள்ளங்கைக்குள் வைத்து உருட்டிச் சூடேற்றுவேன். சிரிஞ்சும் ஊசியும் சொட்டு ஈரமில்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்டால் மருந்து கலங்கிவிடும். பிட்டத்தின் மேல் வெளிப்பக்கத்தில், தோலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து, ஆழமாக, அவசரமில்லாமல் இறக்க வேண்டும். எடுத்தபின் தேய்க்கக் கூடாது. போடும் முன் அவனிடம் கேட்பேன், "போடட்டுமா சாமி?" என்று. தலையாட்டினால்தான் போடுவேன். கட்டிப்போடப்பட்டிருந்த பிள்ளைக்கு, தன் உடம்புக்குத் தானே சம்மதம் சொல்கிற ஒரு நிமிடம் மருந்துக்குச் சமம்.

மூன்று, நான்கு ஊசிக்குப் பின் அவன் கிணற்றடியில் தானாகக் குளித்தான். அடுத்த பருவத்தில் மிளகு பறிக்க வருகிறேன் என்றான். கீழே கொட்டியதைப் பொறுக்கவும் காயவைக்கவும் விடச் சொன்னேன். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஏற வேண்டாம், இந்த மருந்தில் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், கை கால் விறைக்கும். கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலோ, கண் மேலே சொருகினாலோ பயப்படாமல் உடனே வரச் சொல்லியிருந்தேன். அது மருந்தின் விளைவு, மாற்று ஊசி போட்டால் சில நிமிடத்தில் இறங்கிவிடும். காய்ச்சலோடு உடம்பு கட்டையாக விறைத்தால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. வெயிலில் வேலை செய்து வியர்வை ஊற்றினால், வயிற்றுப்போக்கு வந்தால், உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்து லித்தியம் விஷமாக ஏறும். காட்டுக்குப் போகும்போது ஒரு தூக்குப்போசி நீர்மோர் கட்டாயம். உப்பைத் திடீரென்று குறைக்கவும் கூடாது.

மனச்சோர்வு உள்ள வீட்டில் பூச்சிமருந்தைப் பூட்டிவையுங்கள். பரணில் சொருகிவைப்பது போதாது. பூட்டு, சாவி வேறு ஆளிடம். கோபமும் துக்கமும் உச்சத்தில் இருக்கிற நேரம் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் பிழைத்துக்கொள்வார்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். 2022-லிருந்து நடக்கிற டெலி-மானஸ் எண் அது.

நிலைமை முன்புபோல இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் கிடைத்தது பக்கத்துத் திருச்சி மாவட்டத்துக்கு. இன்று எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தபிறகு, பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. பிசியோதெரபி செய்பவரும், நோய்த்தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கு வருகிறார்கள். என் பதிவேட்டில் கட்டம் இல்லாத அந்த ஆயாவுக்கு ஒருவழியாக ஒரு கட்டம் கிடைத்துவிட்டது. இதற்காக நான் சந்தோஷப்படாத நாள் இல்லை.

இன்னும் இரண்டு காரியம் பாக்கி இருக்கிறது. பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருவதுபோல மனநோய் மருந்தும் வர வேண்டும். மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு 2010 முதல் ஒரு பேருந்தை அனுப்பியது. சென்னையிலிருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியைப் பார்ப்பார். மருந்தை அந்தப் பேருந்திலேயே கொடுத்துவிடுவார்கள். சமவெளியில் அது நடந்திருக்கிறது என்றால், வளைவு ஏறி வர வேண்டிய மலைக்கு அது இன்னும் அவசியம். மலை நாடுகளின் ஒவ்வொரு துணை நிலையத்திலும் அந்த எண்ணெய் ஊசி இருப்பில் இருக்க வேண்டும், போடுவதற்குச் செவிலியருக்குப் பயிற்சியும் எழுத்து மூலமான அனுமதியும் வேண்டும்.

அடுத்தது, பார்த்துக்கொள்கிற பெண்ணைப் பற்றியது. சொம்பை நகர்த்தி வைத்த மருமகளும், கயிற்றுக்குத் துணி சுற்றிய தாயும் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்தவர்கள் இல்லை. முதுகுவலி என்று அவர்கள் என்னிடம் சொன்னதெல்லாம் பாதி உடம்பு வலி, பாதி தூக்கமில்லாத வலி. ஒவ்வொரு நாட்டிலும் உள்ளூர்ப் பெண்கள் இரண்டு பேருக்குப் புரட்டவும் குளிப்பாட்டவும் ஊட்டவும் பயிற்சி கொடுத்துச் சம்பளத்தோடு வைத்தால், வாரத்தில் ஒரு நாள் ஒரு வீட்டுக்குப் போய் அந்த மருமகளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவைக்கலாம். இதை வாசிக்கிறவர்களில் அதிகாரத்தில் இருப்பவர்கள் இதை யோசியுங்கள். மற்றவர்கள், உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு இருந்தால், நோயாளியைப் பார்க்கப் போகும்போது பழம் வாங்கிக்கொண்டு போய் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் அங்கே உட்காருங்கள். அதுவரை அந்தப் பெண்ணைத் தூங்கச் சொல்லுங்கள்.